திருகோணமலையில் பழைய கார் வாங்குவது: மினுக்கியதா, ஓடுகிறதா, கூடா?

மொறிஸ் மைனரா, வொக்ஸ்வாகனா என்றுதான் பேச்சு பெரும்பாலும் தொடங்கும். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். விலை ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில், அதுவும் உப்புக்காற்று ஓயாத இந்த ஊரில், காரின் பெயரைவிட அதன் நிலைதான் உங்கள் காசைக் காக்கும் அல்லது கரைக்கும். கிடைப்பவை மூன்று விதம். முழுக்கத் திருத்திப் பெயின்ற் அடித்து மினுக்கிய கார் ஒன்று. பார்க்கச் சுமாராக இருந்தாலும் தினமும் ஓடுகிற கார் இன்னொன்று. மூன்றாவது, வளவு மூலையில் ஓடாமல் கிடக்கும் வெறும் கூடு. இப்போதைக்கு வேண்டாம், விலை இறங்கட்டும் என்று காத்திருப்பதையும் ஒரு வழியாகச் சொல்கிறவர்கள் உண்டு.

காத்திருப்பதை முதலில் பார்த்துவிடுவோம். 2020 மார்ச்சில் நின்ற தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அதற்கிடையே நாட்டில் ஓடிய எல்லா வாகனங்களும் விலை ஏறின. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாயளவுக்குப் பாய்ந்தபோது, வங்கியில் கிடந்த காசுக்குப் பயந்தவர்கள் பழைய கார்களையும் வாங்கி வைத்தார்கள். இறக்குமதி திறந்தது பழைய கார்க்காரருக்கு உதவாது. சில வருடங்களுக்கு மேல் பழசான காரைக் கொண்டுவர விதி இடங்கொடுப்பதில்லை. 1950களிலும் 60களிலும் இறங்கியவைதான் இருப்பு, அதிலும் வருடாவருடம் சிலவற்றைக் கறள் தின்கிறது. ஆகவே நல்ல கார் மலிவாகும் என்று காத்திருப்பதில் பயன் இல்லை. ஆனால் சரியான கார் வரும்வரை இரண்டு மூன்று மாதம் பொறுப்பது வேறு விடயம், அது அவசியம். அந்த இடைவெளியில் விளம்பரங்களைப் பார்த்து இலக்கத் தகடு, கேட்கும் விலை, திகதி மூன்றையும் ஒரு கொப்பியில் குறித்து வாருங்கள். ஒரே கார் மூன்று மாதமாக அதே படத்தோடு நின்றால் அந்த விலைக்கு அதை யாரும் தொடவில்லை என்று பொருள். ஒரு வாரத்தில் மறைந்தவைதான் சந்தையின் உண்மையான விலைக்குக் கிட்டப் போனவை.

மினுக்கிய கார்

அவசரக்காரருக்கு இதுதான் முதல் ஆசை. சாவியைத் திருப்பினால் போதும், அடுத்த நாளே உள்துறைமுக வீதியில் ஓட்டலாம். திருத்த வேலை ஒழுங்காக நடந்திருந்தால் இதுவே மலிவானதும்கூட. ஏனென்றால் ஒரு காரை முழுதாகத் திருத்தச் செலவான காசு முழுவதும் விற்கும்போது திரும்பி வருவது அரிது, அந்த நட்டத்தை முந்திய சொந்தக்காரர் ஏற்கெனவே சுமந்துவிட்டார்.

சிக்கல் என்னவென்றால், விலை ஏறும் காலத்தில் விற்பதற்காகவே திருத்தப்படும் கார்கள் பெருகும். கறள் பிடித்த தகரத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகரம் ஒட்டுவதற்குப் பதில், மேலே நாரும் புட்டியும் போட்டு, தேய்த்து, பெயின்ற் அடித்து, அடிப்பக்கம் முழுவதும் கறுப்புத் தார்ப்பூச்சு பூசிவிடுவார்கள். கொழும்பில் அது இரண்டு வருடம் தாங்கும். இங்கே வாடைக்காற்றோடு வரும் ஒரு மழைக்காலம் போதும், உள்ளிருந்து கொப்புளம் கிளம்பும். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். மட்காட்டின் கீழ் விளிம்பு, கதவின் அடிப்பாகம், படிக்கட்டுப் பெட்டி (கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டித் தகரம்), பின்சில்லு வளைவு ஆகிய இடங்களில் வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் நழுவினால் அங்கே தகரம் இல்லை. அடிப்பக்கத்தில் புதுக் கறுப்புப் பூச்சைக் கண்டால் விலை பேசுவதை நிறுத்திவிட்டு, சிறு திருகாணிச் சாவியால் அழுத்திப் பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் வீடு திரும்பலாம். வேலை நடந்தபோது எடுத்த படங்கள், வெட்டிய இடத்தின் வெல்டிங் தெரியும் படங்கள் இருக்கிறதா என்று கேளுங்கள். நேர்மையாகத் திருத்தியவர் கேட்காமலே காட்டுவார்.

கூடு

கூடு வாங்குவது சிக்கனம் போலத் தெரியும். உண்மையில் மூன்றிலும் செலவு மிக்கது இதுதான், விலை ஏறும் சந்தையில் இன்னும் மோசம். காரின் விலை ஏறும்போது டிங்கர் வேலைக் கூலியும் பெயின்ற் விலையும் இங்கிலாந்திலிருந்து பவுணில் வரும் உதிரிப்பாகமும் சேர்ந்தே ஏறுகின்றன. 18 மாதத்தில் முடியும் என்று தொடங்கிய வேலை மூன்று வருடம் இழுக்கும், முதல் வருடம் போட்ட கணக்கு மூன்றாம் வருடம் செல்லாது. பாதியில் நின்ற கூட்டை விற்கப் போனால் வாங்கிய விலையும் கிடைக்காது.

கூடு யாருக்குப் பொருந்தும்? தானே வெல்டிங் செய்யத் தெரிந்தவருக்கு, அல்லது குடும்பத்துக் காரை எப்படியும் மீட்க வேண்டும் என்று நினைப்பவருக்கு. அப்போதும் ஒரு நிபந்தனை: காரில் இல்லாத சாமான்களை எண்ணிப் பார்க்க வேண்டும். கண்ணாடிச் சட்டம், பம்பர், வேகமானி, கதவுப் பிடி, ஆசனச் சட்டம், விளக்கு வளையம் என்பவற்றை ஒவ்வொன்றாகத் தேடி வாங்கினால் இஞ்சின் திருத்தும் செலவையே தாண்டிவிடும். கறள் பிடித்திருந்தாலும் சாமான் குறையாத கூடு, வெறும் தகரம் நல்லதாக உள்ள கூட்டைவிடப் பல வேளைகளில் மேல்.

ஓடுகிற கார்

எங்கள் தீர்ப்பு இதன் பக்கம். பெயின்ற் மங்கி, ஆசனம் கிழிந்து, ஒயில் கசிந்தாலும் தினமும் ஓடுகிற, சாமான் குறையாத கார். மறைக்க ஒன்றுமில்லாததால் கறள் எங்கே உள்ளது என்று கண்ணாலேயே தெரியும். அதை ஓட்டிக்கொண்டே வருடத்துக்கு ஒரு வேலையாக முடிக்கலாம்: முதலில் பிறேக்கும் ஸ்டியரிங்கும், பிறகு அடித்தகரம், பிறகு இஞ்சின், கடைசியில்தான் பெயின்ற். இந்த ஒழுங்கை மாற்றிப் பெயின்றில் தொடங்குகிறவர்கள், பின்னால் வெல்டிங் செய்யும்போது அதே பெயின்றை எரித்து இரண்டாம் முறை அடிக்கிறார்கள்.

எந்தக் கார்?

மொறிஸ் மைனர்: இலங்கையில் இதற்கு உள்ள வசதி வேறு எந்தப் பழைய காருக்கும் இல்லை. உதிரிப்பாகம் இன்னும் புதிதாக வருகிறது, கராஜ்காரர்களுக்குக் கை பழகிய கார், ஒரு காலத்தில் இதன் தகட்டுப் பாகங்களை இலங்கையிலேயே அடித்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். 1956 முதல் 948 சிசி இஞ்சினும், 1962 முதல் 1098 சிசி இஞ்சினும் வந்தன. 1098இல் முன் பிறேக் டிரம் 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலம் ஆனது. கந்தளாய், ஹபரணைப் பக்கம் நெடுந்தூரம் ஓட விரும்புகிறவர் 1098ஐத் தேடுவது நல்லது. முன்கண்ணாடி இரண்டாகப் பிரிந்த பழைய வகை பார்க்க அழகு, விலையும் அதற்கேற்ப, ஆனால் இன்றைய வீதி வேகத்துக்கு அதன் 918 அல்லது 803 சிசி இஞ்சின் களைத்துவிடும்.

மைனரில் உயிரோடு விளையாடும் இடம் முன்சில்லின் கீழ் மூட்டு, கராஜில் ட்ரனியன் என்பார்கள். ஒரு பக்கத்துக்கு மேலும் கீழுமாக இரண்டு கிறீஸ் நிப்பிள். கிறீஸ் அடிக்காமல் விட்டால் புரி தேய்ந்து, ஒரு நாள் திருப்பத்தில் மூட்டு கழன்று சில்லு மடிந்துவிடும். பார்க்கும் முறை: சில்லை ஜக்கில் தூக்கி, மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டுங்கள். பிறகு சில்லுக்கு அடியில் ஒரு இரும்புப் பாரைக் கொடுத்து மேலே நெம்புங்கள். மேலும் கீழுமாக அசைந்தால் விலையில் மூட்டுச் செலவைக் கழியுங்கள், மாற்றும்வரை ஓட்ட வேண்டாம். வாங்கிய பின் மணல் பறக்கும் எங்கள் வீதிகளில் 1,500 கிலோமீற்றருக்கு ஒரு முறை கிறீஸ் அடிப்பது நல்லது. சில்லைத் தூக்கி வைத்து அடிக்க வேண்டும். பாரம் இறங்கிய நிலையில் அடித்தால் தேயும் பக்கத்துக்குக் கிறீஸ் போகாது.

அடுத்தது தகரம். இந்தக் காருக்குத் தனிச் சட்டம் (சசி) கிடையாது, தரைத் தகரமும் படிக்கட்டுப் பெட்டியும்தான் முதுகெலும்பு. முன் கதவைத் திறந்து வைத்து, ஜக் வைக்கும் இடத்தில் காரை மெல்லத் தூக்குங்கள். பிறகு கதவைச் சாத்துங்கள். முன்பு போலப் பூட்டினால் நல்லது. விளிம்பு இடித்தால் முதுகு வளைகிறது என்று அர்த்தம். பின் ஸ்பிரிங் பட்டை தொங்கும் இடத்தையும், முன் இருக்கைகளுக்குக் கீழே குறுக்காகப் போகும் பெட்டித் தகரத்தையும் பார்க்காமல் எழும்ப வேண்டாம். பிறேக் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடித் தரைக்குக் கீழே, சட்டப் பெட்டிக்குள் ஒளிந்திருக்கிறது. எட்டாத இடம் என்பதால் வருடக்கணக்காக யாரும் திறந்திருக்க மாட்டார்கள். பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மெதுவாக இறங்கினால் உள் ரப்பர் போய்விட்டது. இந்தக் காரின் பிறேக் ஒரே சுற்று, ஒரு இடத்தில் ஒழுகினால் நான்கு சில்லுக்கும் பிறேக் இல்லை.

இஞ்சினைப் பற்றி அதிகம் கவலைப்படத் தேவையில்லை. நான்கு சிலிண்டரிலும் அமுக்கம் பாருங்கள். அளவு 120 பிஎஸ்ஐயில் இருந்தாலும் 150இல் இருந்தாலும், ஒன்றுக்கொன்று 15க்கு மேல் வித்தியாசம் வராமல் இருப்பதே முக்கியம். சிலிண்டர் எத்தனை ஓவர்சைஸ், அதாவது துளையை எவ்வளவு அகலமாகக் கடைந்திருக்கிறது என்று கேளுங்கள். 60 (அங்குலத்தின் ஆயிரத்தில் 60 பங்கு) என்றால் அடுத்த முறை லேத்தில் ஸ்லீவ் என்ற உள்ளுறை போட வேண்டியிருக்கும். ஈயம் கலந்த பெற்றோல் இல்லாத காலத்தில் பழைய ஹெட்டின் புகைபோக்கு வால்வு இருக்கை தேயும். ஹெட் திறக்கும்போது நான்கு கடின இருக்கைகளைப் போட்டுவிட்டால் அந்தக் கவலை முடிந்தது.

வொக்ஸ்வாகன் பீட்டில்: தண்ணீர் இல்லாத இஞ்சின், ரேடியேட்டர் கொதிக்கும் பயம் இல்லை. அதற்காக வெயில் இதைச் சுடாது என்று நினைக்க வேண்டாம். பழைய மாதிரிகளில் ஒயில் கூலர் காற்றுப்பெட்டிக்குள் மூன்றாம் சிலிண்டரின் மேல் நிற்பதால் அந்தச் சிலிண்டருக்குச் சூடான காற்றே கிடைக்கும். இஞ்சினைச் சுற்றியுள்ள தகரமும், தகரத்துக்கும் உடலுக்கும் இடையே உள்ள ரப்பர் பட்டையும் இல்லாவிட்டால் கீழிருந்து வெந்த காற்று மேலேறித் திரும்ப விசிறிக்குள் போகும். நன்றாகப் பார்க்க வேண்டிய இடம் இதுதான், பல கார்களில் அந்த ரப்பரையே காண முடியாது.

இஞ்சினை நிறுத்தி, கிராங்க் புல்லியை (விசிறிப் பட்டை ஓடும் சக்கரம்) கையால் பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள். டக் என்று சத்தம் கேட்டால் தள்ளு பெயரிங் தேய்ந்துவிட்டது. அந்த ஆட்டம் 0.07 முதல் 0.13 மில்லிமீற்றர் இருக்க வேண்டும், 0.15ஐத் தாண்டினால் இஞ்சினைப் பிரிக்கும் வேலை. பின் ஆசனத்தைத் தூக்கிப் பற்றரித் தட்டைப் பாருங்கள், அமிலம் ஊறிய தரை அங்கேதான் முதலில் ஓட்டையாகும். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சூடாக்கும் குழாய்ப் பெட்டிதான் இதன் முதுகெலும்பு. அது போனால் உடலை அடித்தட்டிலிருந்து தூக்கித்தான் சரியான வேலை செய்ய முடியும். கார்பரேட்டருக்குப் போகும் ரப்பர்க் குழாயைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுங்கள். இஞ்சின் உள்ள பின்பக்கத்தில் தீப்பிடித்த பீட்டில்களில் பல ஒரு வெடித்த குழாயில் தொடங்கியவை. ஒயில் 2.5 லீற்றர்தான், காகித வடிகட்டி கிடையாது, ஆகவே 5,000 கிலோமீற்றருக்கு ஒரு முறை மாற்றத்தான் வேண்டும். வால்வு இடைவெளியை இஞ்சின் முழுக்கக் குளிர்ந்த பின் பார்க்க வேண்டும்.

மெக்சிகோவில் 2003 ஜூலை வரை செய்யப்பட்ட கார் என்பதால் இயந்திரப் பாகங்களுக்குப் பஞ்சமில்லை. மைனரோடு ஒப்பிட்டால், பீட்டில் வாங்கும்போது கூடுதல் காசு, திருத்தும்போது கூடுதல் கவனம். ஆனால் இங்கே அதை இருபது வருடமாகத் தொட்ட கை எத்தனை கராஜில் இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் கொழும்புக்கு ஏற்றி அனுப்புவதானால் உங்கள் காசு எல்லாம் லொறி வாடகையில் போய்விடும்.

ஒஸ்டின் ஏ40: வடக்கில் பல தலைமுறை வாடகைக் காராக ஓடியது. இதன் டெவன், சொமர்செட் மாதிரிகளுக்குத் தனிச் சட்டம் உண்டு. மேல் தகரம் போனாலும் சட்டம் நின்றால் உயிர் இருக்கிறது என்பது கடற்கரை ஊருக்குப் பெரிய நன்மை. 1990இலிருந்து எரிபொருள் தடை இருந்த வருடங்களில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இவற்றைப் பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். எரியாத மண்ணெண்ணெய் ரிங் வழியாக இறங்கி ஒயிலை நீர்க்கச் செய்யும், பெயரிங் தேயும். அப்படி ஓடிய இஞ்சின் பிறகு திறந்து செய்யப்பட்டதா என்று கேட்பது கட்டாயம். உதிரிப்பாகம் மைனர் போல் வராது. லேத் வேலையில் நம்பிக்கையான ஒருவர் பக்கத்தில் இருந்தால் மட்டும் இறங்குங்கள். அப்படி ஒருவர் இருந்தால், மூன்றிலும் மரியாதை கூடிய கார் இதுதான் என்பது எங்கள் எண்ணம்.

மினி சிறு ஊர்தியாக இனிமையானது. ஆனால் 10 அங்குலச் சில்லு நிலாவெளிப் பக்கத்து மணல் ஒழுங்கைகளுக்கு ஆகாது, பின் துணைச் சட்டத்தை உப்பு விரும்பித் தின்னும், கியர்பொக்ஸ் வேலை என்றால் இஞ்சினையே இறக்க வேண்டும். இந்த ஊருக்கு நாங்கள் சொல்லமாட்டோம்.

புத்தகம்

தகரத்தைக் காசு கொடுத்துச் சரிசெய்யலாம், பிழையான பதிவுப் புத்தகத்தைச் சரிசெய்வது அதைவிடப் பாடு. பதிவுப் புத்தகத்தில் உள்ள சசி இலக்கத்தையும் இஞ்சின் இலக்கத்தையும் நீங்களே குனிந்து பார்த்து ஒப்பிடுங்கள். மைனரில் கார் இலக்கத் தகடு பொனட்டுக்குள் பின் தட்டில் இருக்கும், இஞ்சின் இலக்கம் டைனமோவுக்கு மேலே பிளொக்கில் இருக்கும். 9எம் என்று தொடங்கினால் 948 சிசி, 10எம்ஏ என்றால் 1098. புத்தகம் ஒன்று சொல்லி பிளொக் இன்னொன்று சொன்னால் இஞ்சின் மாறியிருக்கிறது. மாறியது குற்றமல்ல, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியாமல் விட்டதுதான் சிக்கல். நிசான், ரொயோட்டா இஞ்சின் ஏற்றிய மைனர்கள் ஓட்டச் சுகமானவை, ஆனால் சேகரிப்புக் கார் என்ற விலையைக் கேட்க அவற்றுக்கு உரிமை இல்லை. பீட்டிலில் சசி இலக்கம் பின் ஆசனத்துக்குக் கீழே நடு முதுகில் குத்தப்பட்டிருக்கும்.

சிங்களச் சிறீ எழுத்துத் தகடும், அதற்கு முந்திய ஆங்கில எழுத்துத் தகடும் விலையைக் கூட்டுகின்றன. 1957, 58இல் இதே சிறீ எழுத்துக்கு எதிராகத் தமிழர் பகுதிகளில் போராட்டம் நடந்தது எங்கள் வாசகர்களுக்குத் தெரியும். இன்று அந்தத் தகடு காரின் வயதுக்குச் சாட்சி, அந்த அளவில் மட்டும் அதற்கு மதிப்புக் கொடுங்கள். திணைக்களத்தின் இணையச் சேவையில் இலக்கத்தைக் கொடுத்து இப்போதைய சொந்தக்காரர் யார், லீசிங் கடன் நிற்கிறதா என்று பாருங்கள். விற்பவர் வேறு, புத்தகத்தில் பெயர் வேறு, நடுவில் கையெழுத்து மட்டும் போட்ட ஓப்பின் பேப்பர் என்றால், பெயருக்குரியவர் உயிரோடு இருக்கிறாரா, அடையாள அட்டையோடு வருவாரா என்பது தெரியும்வரை முற்பணம் கொடுக்க வேண்டாம். வெளிநாட்டுக்குப் போனவர்களின் பெயரில் நிற்கும் கார்கள் எங்கள் பகுதியில் நிறைய. புகைப் பரிசோதனைச் சீட்டும் காப்புறுதியும் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது. பல வருடம் அது எடுக்காமல் நின்ற காரென்றால் நிலுவை எவ்வளவு என்று முன்னரே கேட்டு விலையில் கழியுங்கள்.

ஊருக்குக் கொண்டுவருதல்

கொழும்பில் வாங்கிய காரை அன்றே 260 கிலோமீற்றர் ஓட்டிவர ஆசைப்படாதீர்கள். ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருடம். ஆறு வருடத்துக்கு மேற்பட்ட ரயர் பூப் போல இருந்தாலும் வெப்பத்தில் பிளக்கும். லொறியில் ஏற்றுவதே மேல். ஓட்டித்தான் வர வேண்டுமென்றால் விடிய வெளிக்கிடுங்கள். ஹபரணை கடந்து கந்தளாய் வரை மாலையில் யானை குறுக்கே வரும் வீதி, பழைய விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் யானை தெரிவது கிட்ட வந்த பிறகுதான்.

வீட்டில் காரை வைக்கும் இடம் காற்றோட்டமாக இருக்க வேண்டும். தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடினால் உப்பும் ஈரமும் உள்ளே தங்கும், திறந்தே விடுவது அதைவிட நல்லது. கரையோர வளவுகளில் கிணற்று நீர் உவர். அந்தத் தண்ணீரால் கழுவினால் நீங்களே உப்புப் பூசுகிறீர்கள், குழாய்த் தண்ணீரால் அடிப்பக்கத்தையும் சேர்த்துக் கழுவுங்கள். கதவின் அடியிலும் படிக்கட்டுப் பெட்டியிலும் நீர் வடியும் சின்ன ஓட்டைகள் மண்ணடைத்துக் கிடக்கும், ஒரு கம்பியால் திறந்துவிடுங்கள். வாடை தொடங்கும் முன், கச்சான் காற்று அடித்துத் தகரம் நன்றாகக் காய்ந்திருக்கும் ஓகஸ்ட், செப்டெம்பரில், பெட்டித் தகரங்களுக்குள் மெழுகு எண்ணெய் விசிறுங்கள். ஈரத்தின் மேல் விசிறினால் கறளை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். பெயர் மாற்றத்துக்குச் சட்டம் தரும் அவகாசம் 14 நாள், அதை விசிறும் வேலைக்கு முன்னரே முடித்துவிடுங்கள்.